தகரம் வெட்டி ஈஜிஆரை அடைக்கும் புண்ணியவான்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் காரமான பதிவு. பழைய டீசல் கார் வச்சிருக்கிற பதிவுலக நண்பர்கள் கோவப்படாம கடைசி வரைக்கும் படிச்சிட்டு, அப்புறமா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. ஆட்டோ அனுப்பினா மட்டும் வீட்டு அட்ரஸ் தர மாட்டேன் :-)

விஷயம் இதுதான். பழைய டீசல் காருக்குப் புத்துயிர் கொடுப்பது எப்படின்னு ஆளாளுக்கு எழுதறாங்க, வீடியோ போடறாங்க. ஏர் ஃபில்டர் மாத்து, ஆயில் மாத்துன்னு நல்லாத்தான் ஆரம்பிக்குது. கடைசியில எல்லாரும் ஒரே இடத்துல வந்து நிக்கறாங்க: "ஈஜிஆரை அடைச்சிடுங்க, வண்டி பறக்கும்." தர்மபுரி பக்கம் ஒர்க்‌ஷாப்புல கேட்டாலும் இதே வேதவாக்குதான். சின்னதா ஒரு தகரத்தை கேஸ்கெட் அளவுக்கு வெட்டி, பைப்புக்கும் வால்வுக்கும் நடுவுல சொருகி, ரெண்டு போல்ட்டை முறுக்கினா வேலை முடிஞ்சது. அரை மணி நேரம். டீ செலவு தனி.

நான் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சிட்டு, இப்போ பெங்களூருல கோடு அடிக்கிற லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தன். படிச்ச படிப்பு சோறு போடலைன்னாலும், தப்பா யாராவது என்ஜினைப் பத்திப் பேசினா கை அரிக்குது. அதனால இந்தப் பதிவு.

ஈஜிஆர்னா என்ன? ரெண்டு பாரா பாடம்

என்ஜின்ல எரிஞ்சு வெளியே போற புகையில ஒரு பங்கை மறுபடியும் உள்ளே இழுக்கிற காத்தோட கலந்து விடற ஏற்பாடுதான் ஈஜிஆர். ஒரு பைப், ஒரு வால்வு, டீசல் வண்டியில பெரும்பாலும் அந்தப் புகையை ஆற வைக்க ஒரு கூலர். அவ்வளவுதான் சாமான்.

எதுக்கு இந்த வேண்டாத வேலை? நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமா அது யார் வம்புக்கும் போகாத சாது. ஆனா சிலிண்டருக்குள்ள சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, அந்த சாது ஆக்சிஜனோட கைகோத்து நைட்ரஜன் ஆக்சைடா மாறிடும். சூடு ஏற ஏற இந்தக் கூட்டணி மடமடன்னு வளரும். தொழில்ல இதை நாக்ஸ்னு சொல்வாங்க. மூச்சுக்குழாயை எரிச்சலாக்கி, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடற சமாச்சாரம். போதாததுக்கு வெயில்ல மத்த வாயுக்களோட சேர்ந்து தரைமட்டத்துல ஓசோனை உண்டாக்கும். அந்த ஓசோன் நுரையீரலோட நிக்காது, பயிரோட இலையையும் பதம் பார்க்கும். தக்காளியும் மாங்காயும் வெளைஞ்சாத்தான் கஞ்சி குடிக்கிற பாலக்கோடும் காரிமங்கலமும் இருக்கிற மாவட்டம் நம்மளது. அதனால இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

ஈஜிஆர் செய்யறது அந்த உச்ச சூட்டைக் குறைக்கிற வேலை. கழிவுப் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இனி எரியாது. எரியாம உள்ளே உக்காந்துட்டு சூட்டை மட்டும் வாங்கிக்கும். ஆக்சிஜனோட பங்கும் குறையும். சூடு இறங்கும், நாக்ஸ் குறையும். நல்லா வேலை செய்யற ஈஜிஆர், சாதாரணமா ஓட்டற வேகத்துல நாக்ஸைப் பாதிக்குப் பாதி கூடக் குறைக்கும்.

பாடம் முடிஞ்சது. இனி வசனங்களுக்கு வருவோம். இந்த வசனங்களை எல்லாம் நான் காதால கேட்டிருக்கேன். உங்க ஊர்லயும் கேட்டிருப்பீங்க.

வசனம் 1: "கழிச்சதையே திரும்பத் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும் தம்பி?"

கேட்க ரொம்ப நியாயமா இருக்கும். ஆனா என்ஜின் அந்தப் புகையைச் சாப்பாடா எடுத்துக்கறதே இல்லையே! விறகு அடுப்புல தீ ரொம்ப எகிறினா நம்ம பாட்டிங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு ஈர விறகை உள்ளே தள்ளுவாங்க. தீ அடங்கும். அந்த ஈர விறகுதான் ஈஜிஆர் புகை.

ஈர விறகு போட்டா இன்னொண்ணும் நடக்கும் இல்லையா? புகை கூடும். டீசல் என்ஜின்லயும் அதே கதைதான். நாக்ஸைக் குறைச்சா கரிப்புகை கூடும், கரிப்புகையைக் குறைச்சா நாக்ஸ் கூடும். டீசல் என்ஜினியர்களைக் காலங்காலமா தூங்க விடாத தராசு இது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல முடிச்சு போட்டு வச்சுக்குங்க. பின்னாடி பெருசா தேவைப்படும்.

வசனம் 2: "அடைச்சதுக்கு அப்புறம் தொப்பூர் மேட்டுல பாருங்க, சும்மா அள்ளிட்டுப் போவுது!"

சேலத்துல இருந்து தர்மபுரி வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிக்கறீங்க. அந்த நேரத்துல ஈஜிஆர் வால்வு என்ன பண்ணிட்டு இருக்கும்னு நினைக்கறீங்க? பெரும்பாலான கார்கள்ல அது ஏற்கனவே மூடிட்டு இருக்கும் சாமி! முழு பவர் கேட்டா காத்து முழுசா வேணும்னு அந்த கம்ப்யூட்டருக்கே தெரியும். மூடின கதவுக்கு முன்னால தகரம் வச்சு அடைச்சிட்டு "காத்து நின்னு போச்சு"ன்னு சந்தோஷப்படற கதைதான் இது.

"இல்லைங்க, எனக்கு நெசமாவே பிக்கப் கூடிச்சு"ன்னு சொல்றவங்களை நான் பொய்யர்னு சொல்லல. அவங்க வண்டியில வால்வு கரி பிடிச்சு, மூட வேண்டிய நேரத்துல மூடாம பாதி திறந்தபடி மாட்டிக்கிட்டு இருந்திருக்கும். அப்போ பிக்கப் குறையும், கரும்புகை தள்ளும். தகரம் சொருகினதும் அந்தக் கோளாறு மறைஞ்சிடும். வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணியிருந்தாலும் அதே பிக்கப் கிடைச்சிருக்கும். பல்லுல மாட்டின கறித்துண்டை எடுக்காம பல்லையே பிடுங்கிட்டு, "வலி போயிடுச்சு, டாக்டர் கெட்டிக்காரர்"னு சொல்ற மாதிரி இருக்கு.

வசனம் 3: "மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் ஏறும்"

எந்த அளவுல ஏறும், யார் அளந்தாங்க, அளக்கும்போது ஏசி போட்டிருந்தாங்களா, டயர்ல காத்து எவ்வளவுன்னு கேட்டா பதில் வராது. டீசல்ல ஈஜிஆரால மைலேஜுல வர்ற வித்தியாசம் சொற்பம். ஃபுல் டேங்க் போட்டு பெங்களூரு போய்ட்டு வர்றதுல ஓசூர் டிராபிக்ல ஒரு சிக்னல் கூட நின்னா அது காணாம போயிடும்.

மறுபக்கம் நடக்கிறதை யாரும் சொல்றதில்ல. வால்வு திறந்தா புதுக்காத்து எவ்வளவு குறையணும்னு வண்டியோட ஈசியு கணக்கு வச்சிருக்கும். தகரம் சொருகினதால அந்தக் காத்து குறையவே இல்லைன்னா, "என்னமோ கோல்மால் நடக்குது"ன்னு அது கண்டுபிடிச்சிடும். பல வண்டியில பி0401னு எரர் வரும், செக் என்ஜின் லைட் எரியும், சில வண்டி பவரைக் குறைச்சிக்கிட்டு நொண்டியடிக்கும். உடனே நம்ம விஞ்ஞானிகள் தகரத்துல சின்னதா ஒரு ஓட்டை போடுவாங்க, ஈசியுவை ஏமாத்தற அளவுக்கு. அதுக்கும் மசியலைன்னா லேப்டாப்பை எடுத்துட்டு ஒருத்தர் வருவார். சாப்ட்வேர்லயே ஈஜிஆரை அணைச்சிட்டு, லைட்டும் எரியாம பண்ணிட்டுப் போவார். நாளைக்கு நெசமாவே வேற கோளாறு வந்தா அந்த லைட் எரியுமான்னு கேளுங்க. "அதெல்லாம் வராதுங்க" என்பார்.

வசனம் 4: "நம்மது பெட்ரோல் வண்டி, நமக்கு இந்தக் கதையே இல்ல"

இருக்கு. பெட்ரோல் கார்ல சைலன்சர் பக்கம் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரே நாக்ஸைப் பெருமளவு கவனிச்சிக்கும். டீசல் புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதால அங்கே அந்த வித்தை செல்லாது. அதான் டீசல்ல ஈஜிஆருக்கு இவ்வளவு மவுசு. ஆனா பெட்ரோல்லயும் ஈஜிஆர் உண்டு. பல வண்டியில தனியா வால்வு இருக்காது. உள்ளே திறக்கிற வால்வையும் வெளியே திறக்கிற வால்வையும் கொஞ்ச நேரம் சேர்ந்தாப்புல திறந்து வச்சு, சிலிண்டருக்குள்ளேயே கொஞ்சம் புகையைத் தங்க வச்சிடுவாங்க. கண்ணுக்குத் தெரியாத ஈஜிஆர்.

மைலேஜ் வேணும்னு துடிக்கிற மக்களுக்கு ஒரு ஆச்சரியம்: பெட்ரோல் என்ஜின்ல ஈஜிஆர் மைலேஜைக் கூட்டும். மெதுவா ஓட்டும்போது திராட்டில் பாதி மூடியிருக்கும், என்ஜின் அந்தச் சந்து வழியா மூச்சிழுக்கவே சக்தியை வீணாக்கும். கூடவே கொஞ்சம் புகையை விட்டா, அதே பவருக்கு திராட்டிலை இன்னும் அகலமா திறக்கலாம். மூச்சுத்திணறல் குறையும். நாக்கிங்கும் குறையும். மைலேஜுக்குப் பேர் போன டொயோட்டா ப்ரியஸ்ல, 2009ல வந்த மூணாவது தலைமுறைக்கு குளிர வச்ச ஈஜிஆரைப் போட்டாங்க. மைலேஜைக் கெடுக்கிற சாமானை ப்ரியஸ்ல போய் யாராவது வைப்பாங்களா?

வசனம் 5: "கார்பன் அடைச்சு என்ஜினையே காலி பண்ணிடும்"

இதுல பாதி உண்மை. உண்மையை ஒத்துக்கத்தான் வேணும்.

புகையில வர்ற கரியும், என்ஜின்ல இருந்து வர்ற ஆயில் ஆவியும் இன்டேக் மேனிஃபோல்டுல சந்திச்சா, தார் மாதிரி ஒரு பசை படியும். மெதுவா, ஊருக்குள்ளேயே குட்டி குட்டி தூரம் ஓட்டற வண்டியில இது வேகமா சேரும். தர்மபுரி நாலு ரோட்டுல இருந்து பஸ் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாண்ட்ல இருந்து வீடுன்னு மட்டும் ஓடற டீசல் வண்டிக்குக் கண்டிப்பா இந்த வியாதி வரும். டீசலோட தரமும் ஒரு காலத்துல மோசம். பிஎஸ் 3 டீசல்ல கந்தகம் 350 பிபிஎம் இருந்தது. பிஎஸ் 4ல 50, 2020ல வந்த பிஎஸ் 6ல 10.

ஈஜிஆர் கூலரே ஆபத்தான கதையும் உண்டு. தென்கொரியாவுல 2018ல பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ரோட்டுலயே தீப்பிடிச்சு எரிஞ்சது. ஈஜிஆர் கூலர்ல கசிவுதான் காரணம்னு சொல்லி லட்சத்துக்கும் மேல வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. கோளாறு தெரிஞ்சும் மறைச்சாங்கன்னு சொல்லி அந்த நாட்டு அரசு அபராதமும் போட்டுச்சு. ஆக, ஈஜிஆர் ஒண்ணும் சாமி சிலை இல்ல. மோசமா வடிவமைச்சா மோசமாத்தான் போகும்.

ஆனா அதுக்கு வைத்தியம் சுத்தம் பண்றது. எங்க அப்பாவோட பழைய டீசல் காருக்கும் இந்த வியாதி வந்துச்சு. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாம்) வால்வையே மாத்தணும்னு 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினாங்க. சுத்தம் பண்ணித் தர மாட்டீங்களான்னு கேட்டா, "அப்படி ஒரு வேலையே எங்க லிஸ்ட்ல இல்ல சார்". வெளியே மெக்கானிக் அண்ணாகிட்ட போனா, அவர் தகரத்தைக் கையில எடுத்தார். "வேணாம்ணா, கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுங்க, கூலி எவ்வளவோ வாங்கிக்கங்க"ன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரெண்டு மணி நேரம், ஒரு டின் கார்ப் கிளீனர், ஒரு புது கேஸ்கெட். 1,400 ரூபாய். வண்டி ஒழுங்கா ஓடுது.

இங்கதான் என் கோவம் திசை மாறுது. தகரம் வெட்டற மெக்கானிக் அண்ணா மேல எனக்குப் பாதி கோவம்தான். 1,400 ரூபாய்ல முடியற வேலைக்கு 18,000 கேட்டா, மாசம் ட்யூ கட்டி டாக்ஸி ஓட்டற ஒருத்தர் எந்த வழியைத் தேடுவார்? ஒகேனக்கலுக்கும் பென்னாகரத்துக்கும் சவாரி அடிக்கிறவர் 18,000 ரூபாய்க்கு எத்தனை நாள் ஓட்டணும்? சுத்தம் பண்றதை சர்வீஸ் அட்டவணையில சேர்க்காத கம்பெனிகள்தான் இந்தத் தகரத்துக்கு முதல் சந்தையை உருவாக்கிக் குடுத்தவங்க.

வசனம் 6: "பியூசி பாஸ் ஆகுதே, அப்புறம் என்ன?"

வாங்க, இதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். மேல ஒரு முடிச்சு போட்டு வைக்கச் சொன்னேனே, அதை இப்போ அவிழ்ப்போம்.

டீசல் காருக்குப் புகைப் பரிசோதனை எப்படிப் பண்றாங்க? நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சு, வர்ற புகை எவ்வளவு அடர்த்தியா இருக்கு, அதுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு மறையுதுன்னு பார்க்கறாங்க. அதாவது கரியை மட்டும் அளக்கறாங்க. நாக்ஸ்? அளக்கறதே இல்ல. பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கறாங்க. அங்கேயும் நாக்ஸ் கிடையாது.

இப்போ ஈஜிஆரை அடைச்சா என்ன ஆகும்? ஈர விறகை வெளியே எடுத்தாச்சு. தீ எகிறும், நாக்ஸ் எகிறும், கரிப்புகை குறையும். பரிசோதனை பார்க்கிறதே கரிப்புகையைத்தான். அதனால மாசுக் கருவியைப் பிடுங்கிப் போட்ட வண்டி பரிசோதனையில *முன்னை விட நல்ல மார்க்* வாங்கும்! விடைத்தாளைக் கிழிச்சவனுக்கு நூத்துக்கு நூறு. இப்படி ஒரு பரீட்சையை உலகத்துல வேற எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

பெரிய வேடிக்கை என்னன்னா, வண்டி பேக்டரியை விட்டு வெளியே வர்றப்போ நாக்ஸுக்குக் கறாரா கணக்கு கேட்கறாங்க. டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு பிஎஸ் 3ல 0.50 கிராம், பிஎஸ் 4ல 0.25, பிஎஸ் 6ல 0.08. இத்தனை பாடுபட்டு இறக்கின அளவை, வண்டி ரோட்டுக்கு வந்த அப்புறம் ஒரு தடவை கூட யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடற பிஎஸ் 4 டீசல் கார், விதிப்படி ஓடினாலே மூணே முக்கால் கிலோ நாக்ஸ் விடும். தகரம் சொருகி அது ரெண்டு மடங்கானா ஏழரை கிலோ. நாட்டுக்கும் நமக்கும் ஏழரை :-(

"கண்ணுக்கே தெரியலையே, அப்புறம் என்ன பெரிய விஷம்"னு கேட்கறவர் வேற ஊர்க்காரரா இருந்தா விட்டுடலாம். தர்மபுரிக்காரர் கேட்டா மட்டும் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஏன்னா கண்ணுக்குத் தெரியாத விஷம் என்ன பண்ணும்னு நம்ம மாவட்டத்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்ல. போர்வெல் தண்ணி பளிங்கு மாதிரிதான் இருந்தது. நாத்தம் இல்ல, நிறம் இல்ல. அதுல இருந்த புளோரைடு மட்டும் குடிச்ச பிள்ளைங்க பல்லுல மஞ்சளும் பழுப்புமா கறையா வந்து உக்காந்துச்சு. எத்தனையோ பெரியவங்களுக்கு எலும்பையும் மூட்டையும் வளைச்சுது. கடைசியில தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணியைக் கொண்டு வர ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, அது 2013ல தொடங்குற வரைக்கும் ஒரு தலைமுறையே விலை குடுத்திருக்கு.

அந்தத் தண்ணியை "தெளிவா இருக்கா?"ன்னு மட்டும் பார்த்துச் சான்றிதழ் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? எல்லா போர்வெல்லும் பாஸ். டீசல் காருக்கு நாம இப்போ பண்றது அச்சு அசலா அதுதான். நைட்ரிக் ஆக்சைடு வெளியே வரும்போது நிறமே இருக்காது. புகை தெளிவா இருக்கு, சான்றிதழ் வாங்கிட்டுப் போங்க!

வசனம் 7: "பெரிய பெரிய கம்பெனியே பண்றான், நான் பண்ணினா தப்பா?"

இந்த வசனத்துக்கு மட்டும் என்கிட்ட முழுப் பதில் இல்ல, ஏன்னா இதுல சொல்றது நெசம். இங்கதான் என் சாப்ட்வேர் ஜாதி தலைகுனியணும்.

வோக்ஸ்வாகன் கதை எல்லாருக்கும் மேலோட்டமா தெரியும். 2015 செப்டம்பர்ல அமெரிக்காவுல மாட்டினாங்க. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார். ஆனா உள்ளே நடந்தது என்னன்னு பல பேருக்குத் தெரியாது. ஐரோப்பாவுல வித்த அந்த ஈஏ189 என்ஜின் கார்கள்ல தகரமெல்லாம் சொருகல, மென்பொருள் சொருகினாங்க. வண்டி டெஸ்ட்ல ஓடுதுன்னு கண்டுபிடிச்சா ஈஜிஆர் நல்லா திறக்கும். ரோட்டுல ஓடுதுன்னு தெரிஞ்சா ஈஜிஆர் குறைஞ்சிடும். ஒரே ஒரு இஃப் எல்ஸ். நம்ம மெக்கானிக் அண்ணா தகரத்தால பண்ணினதை, ஏசி ரூம்ல உக்காந்து என்னை மாதிரி ஒருத்தன் கோடால பண்ணியிருக்கான். அந்தக் கோடை இன்னொருத்தன் ரிவ்யூ பண்ணியிருக்கான். டெஸ்டிங் டீம் பாஸ் போட்டிருக்கு. யோசிச்சாலே கூசுது.

அதுக்கப்புறமும் திருந்தினாங்களா? "வெளியே 15 டிகிரிக்குக் கீழேயும் 33 டிகிரிக்கு மேலேயும் ஈஜிஆர் குறையும், என்ஜினைப் பாதுகாக்கத்தான்"னு புது விளக்கம் குடுத்தாங்க. வருஷத்துல பெரும்பாலான நாள் இப்படி அணைஞ்சே கிடக்கிற ஏற்பாட்டை என்ஜின் பாதுகாப்புன்னு சொல்லி நியாயப்படுத்த முடியாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலையில சொல்லிடுச்சு. அது ஐரோப்பியக் கார்களோட வழக்கு. இருந்தாலும் அந்த 33 டிகிரியைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர் சித்திரை மாசம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கணக்குல பார்த்தா தர்மபுரியில ஈஜிஆருக்கு கோடை விடுமுறை விட்டுடலாம்.

இந்தியாவுல? அதே ஈஏ189 குடும்ப என்ஜின் இருந்த சுமார் 3,23,700 கார்களை மென்பொருள் மாத்தித் தர்றோம்னு 2015 டிசம்பர்ல கம்பெனி அறிவிச்சது. ரோட்டுல ஓட்டி அளந்தப்போ, பிஎஸ் 4 அளவை விட 1.1ல இருந்து 2.6 மடங்கு வரைக்கும் வந்ததுன்னு ஏஆர்ஏஐ கண்டுபிடிச்சது. 2019 மார்ச்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டுச்சு. பிஎஸ் 4 விதியில ரோட்டுல அளக்கணும்னு எங்கேயும் இல்லையே, நாங்க விதியை மீறலைன்னு கம்பெனி வாதாடுச்சு. அந்த மே மாசமே அபராதத்துக்காகக் கட்டாய நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் தடுத்துடுச்சு. ரோட்டுல ஓட்டி அளக்கிற விதி புதுக் கார்களுக்கு 2023 ஏப்ரல்லதான் வந்தது.

ஆக, பெரியவன் பண்ணினான் என்பது உண்மை. ஆனா அதை வச்சு "நானும் பண்ணுவேன்"னு சொல்றதுல ஒரு வித்தியாசம் இருக்கு. அந்தக் கார் வாங்கின ஜனங்களுக்குத் தன் வண்டி ஊரை ஏமாத்துதுன்னு தெரியாது. தகரம் சொருகச் சொல்ற உங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஈஜிஆரை வச்சு உருப்படியா என்ன பண்ணலாம்னு காட்டினவங்களும் பக்கத்துலயேதான் இருக்காங்க. 2004 வரைக்கும் நம்ம தர்மபுரி மாவட்டத்துல இருந்த ஓசூர்ல ஆலைகள் வச்சிருக்கிற அசோக் லேலண்ட், 2017ல பிஎஸ் 4 வந்தப்போ லாரிக்கு யூரியா கரைசல் ஊத்தற வழியை விட்டுட்டு, ஈஜிஆரையே மெருகேத்தி ஐஈஜிஆர்னு கொண்டு வந்தாங்க, 400 குதிரைத்திறன் வரைக்கும். நம்ம ரோட்டுக்கும் நம்ம டிரைவருக்கும் அதுதான் சுலபம் என்பது அவங்க வாதம். என்ஜினைக் காலி பண்ற சாமான்னு நீங்க தூக்கிப் போடறதை நம்பி, லோடு லாரியையே இறக்கினாங்க.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

ஒண்ணு. தகரம் வேணாம். டீசல் கார் வச்சிருக்கிறவங்க வால்வையும் இன்டேக்கையும் அப்பப்போ கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில நல்லா சூடேற ஓட்டுங்க. நல்ல ஆயில் போடுங்க. ஊருக்குள்ள மட்டும்தான் ஓட்டப் போறீங்கன்னா டீசல் காரே வாங்காதீங்க.

ரெண்டு. கம்பெனிக்காரங்க ஈஜிஆர் சுத்தம் பண்றதை ஒரு நியாயமான கூலியோட சர்வீஸ் அட்டவணையில சேர்க்கணும். "வால்வையே மாத்தணும்" என்பது கடைசி வழியா இருக்கணும், முதல் எஸ்டிமேட்டா இருக்கக் கூடாது.

மூணு. பியூசியில நாக்ஸையும் அளக்கணும். எல்லாக் கடைக்கும் கருவி வாங்க செலவாகும்னா, அது வரைக்கும் வண்டியோட ஓபிடி சாக்கெட்ல ஒரு ஸ்கேனரைச் சொருகி, ஈஜிஆர் கோளாறு பதிவாகியிருக்கா, கண்காணிப்பையே அணைச்சு வச்சிருக்காங்களான்னு பார்க்கலாம். ப்ளூடூத்துல வேலை செய்யற சின்ன ஸ்கேனரே ஓரளவுக்கு இதைக் காட்டும். சாப்ட்வேர்ல திருடறவனைப் பிடிக்க சாப்ட்வேர் தெரிஞ்ச ஆள் வேணும், கரித்துணியை வெளிச்சத்துல காட்டிப் பார்க்கிற பரிசோதனை போதாது.

நாலு. சட்டம் ஏற்கனவே இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுப்படி, மாசு விதியை மீறி வண்டி ஓட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதமோ, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ. ஆனா அளக்காத குற்றத்துக்கு எப்படி அபராதம் போடறது? அதனால நாலாவதுக்கும் மூணாவதுதான் மருந்து.

அஞ்சாவதா ஒண்ணு, இது நம்ம பதிவர்களுக்கு மட்டும். "ஈஜிஆரை அடைச்சேன், சூப்பர்"னு எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. மிச்சமான பணம் யார் பாக்கெட்டுக்கு வந்தது? உங்க பாக்கெட்டுக்கு. அந்த நாக்ஸ் யார் நெஞ்சுக்குப் போனது? நாலு ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு, தொப்பூர் ரோட்டோரத்துல இளநி விக்கிற தாத்தா, உங்க காருக்குப் பின்னாலேயே டூவீலர்ல வர்ற அப்பாவும் முன்னாடி டேங்க் மேல உக்காந்திருக்கிற குழந்தையும். அவங்க யாரும் உங்க பதிவுல வந்து பின்னூட்டம் போட மாட்டாங்க. அதனாலதான் அவங்க சார்புல நான் போட்டுட்டேன்.

டிஸ்கி 1: மெக்கானிக் அண்ணாக்கள் யாரையும் புண்படுத்த எழுதல. வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள் தர்மபுரி, அரூர் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, இலவசமா விளம்பரம் பண்றேன்.

டிஸ்கி 2: "பெரிய லாரி விடற புகையை விட்டுட்டு கார்க்காரனைப் பிடிக்கறியே"ன்னு கேட்க வர்றவங்களுக்கு: லாரிக்குத் தனிப் பதிவு வருது. வந்து அதுலயும் கும்முங்க.